ட்ரையல் முடிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள ரிசல்ட்: அமெரிக்க பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள்ல ரிசர்ச் பண்றவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

1980ல இங்கிலாந்துல நாட்டிங்காம் டாக்டர்கள் ஒரு சின்ன ட்ரையல், அதாவது ஆளுங்களுக்கு சிகிச்சை குடுத்துப் பாக்குற சோதனை, பண்ணாங்க. மாரடைப்புன்னு அட்மிட் ஆனவங்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறா போகாம இருக்க லோர்கெய்னைட்னு ஒரு மருந்து குடுத்துப் பாத்தாங்க, மொத்தமே சுமார் 95 பேர் தான், அதுல மருந்து எடுத்த பக்கம் 9 பேர் இறந்துட்டாங்க, டம்மி மாத்திரை எடுத்த பக்கம் ஒரே ஒருத்தர். இது தற்செயலா இருக்கும்னு அப்ப நெனச்சாங்க. கம்பெனியும் வியாபார காரணத்துக்காக அந்த மருந்தைக் கைவிட்டுடுச்சு, ரிசல்ட் வெளிய வரவே இல்ல. அதே மாதிரி வேலை செய்ற வேற மருந்துகளை 80கள் முழுக்க டாக்டர்கள் எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, 1989ல காஸ்ட்னு ஒரு பெரிய ட்ரையல் வந்து அந்த வகையில ரெண்டு மருந்து சாவை அதிகமாக்குதுன்னு காட்டுச்சு. நாட்டிங்காம் ட்ரையல் அச்சுல வந்தது 1993ல. முன்னாடியே வந்திருந்தா ஒரு எச்சரிக்கையா இருந்திருக்கலாம்னு அந்த டாக்டர்களே அதுல எழுதியிருக்காங்க.

அந்த 95 பேர் பத்தின கணக்கும் ஆஸ்பத்திரியில தான் இருந்துச்சு. யாரும் திட்டம் போட்டு மறைக்கல, வெளிய போடுறது யாரோட வேலைன்னும் இல்ல, அவ்ளோ தான். இன்னைக்கும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள்ல ரிசல்ட் லேட் ஆகுறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன், அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்விய சுத்தித்தான் இருக்கும்: எந்த வேலைய யாரு, எந்த தேதிக்குள்ள பண்ணணும். அமெரிக்காவுல கோஆர்டினேட்டரா, ஃபெல்லோவா, ஸ்டாட்டிஸ்டீஷியனா, இல்ல பிஐயாவே (ட்ரையலை நடத்துற தலைமை ஆய்வாளர்) இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்கள மனசுல வச்சுத்தான் எழுதுறேன்.

முதல்ல நிலைமை எப்படி இருக்குன்னு பாத்துடுவோம்

ட்ரையல்களைப் பதியுற ரெஜிஸ்ட்ரியான கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் வெப்சைட் 2000ல ஆரம்பிச்சது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துது. 2007ல எஃப்டிஏ (அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) திருத்தச் சட்டம் வந்து ரெஜிஸ்டர் பண்றதோட ரிசல்ட் போடுறதையும் கட்டாயமாக்குச்சு, 2008 செப்டம்பர்ல ரிசல்ட் போடுற வசதி வந்துடுச்சு. சட்டம் வந்தும் பெருசா எதுவும் மாறல. 2015 டிசம்பர்ல ஸ்டாட் பத்திரிகை ஒரு புலனாய்வு வெளியிட்டாங்க, கம்பெனிகளை விட பல்கலைக்கழகங்கள் தான் மோசம்னு அதுல தெரிய வந்துச்சு. அரசு ஆராய்ச்சிப் பணம் அதிகமா வாங்குற இடங்கள்ல இருந்த ஸ்டான்ஃபோர்ட், பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க், சான் டியாகோ பல்கலைக்கழகங்கள் 100க்கு குறைஞ்சது 95 தடவை ரிசல்ட்டை லேட்டாவோ இல்ல போடாமலேயோ விட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல துணை ஜனாதிபதியா இருந்த ஜோ பைடன், ரிசல்ட் போடாதவங்களுக்கு பணத்தை நிறுத்தணும்னு மேடையிலயே சொன்னாரு.

2016ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு இன்னும் தெளிவா காட்டுச்சு. 51 அமெரிக்க பல்கலைக்கழக மருத்துவ மையங்கள்ல நடந்த 4347 ட்ரையல் எடுத்துப் பாத்தாங்க, முடிஞ்ச ரெண்டு வருஷத்துக்குள்ள பேப்பராவோ ரெஜிஸ்ட்ரிலயோ ரிசல்ட் வந்தது 35.9 சதவீதம் தான். ரொம்ப மோசமான இடத்துல 16.2, நல்லா பண்ண இடத்துல கூட 55.3. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே மாதிரி டாக்டர்கள், இருந்தும் இவ்ளோ வித்தியாசம்னா அது அந்தந்த ஆஸ்பத்திரி வேலைய எப்படி பிரிச்சுக் குடுத்திருக்குங்குறதைப் பொறுத்துத்தான் இருக்கணும்.

2017 ஜனவரி 18ல அந்த 2007 சட்டத்துக்கான இறுதி விதிமுறை அமலுக்கு வந்துச்சு, ஏப்ரல் 18க்குள்ள எல்லாரும் அதுக்குத் தயாராகணும்னு கெடு. அதுக்கப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட்ல பென் கோல்டேக்கர் டீம் 4209 ட்ரையல்களை எண்ணி 2020ல லான்செட் மருத்துவ இதழ்ல போட்டாங்க: ஒரு வருஷத்துக்குள்ள ரிசல்ட் போட்டது 40.9 சதவீதம், லேட்டா போட்டதையும் சேத்தா 63.8 சதவீதம்.

படி 1: உங்க ட்ரையல் சட்டத்துக்குள்ள வருதான்னு பாருங்க

நிறைய பேர் இங்கயே தடுமாறுறாங்க. கேக்க வேண்டிய கேள்விகள் இவ்ளோ தான். ஆளுங்களை குரூப்பா பிரிச்சோ, ஒரே குரூப்பாவோ, ஏதாவது ஒரு சிகிச்சை குடுத்து பாக்குற ட்ரையலா? சும்மா கவனிச்சுப் பாக்குற ஆய்வுன்னா வராது. எஃப்டிஏ கட்டுப்பாட்டுல இருக்குற மருந்தோ, தடுப்பூசி மாதிரி உயிரியல் பொருளோ, கருவியோ அதுல இருக்கா? மருந்துன்னா முதல் கட்டத்தை (ஃபேஸ் 1) தாண்டினதா? கருவின்னா சின்ன சாத்தியக்கூறு ஆய்வா இல்லாம இருக்கா? அமெரிக்காவுல ஒரு சைட்டாச்சும் (ட்ரையல் நடக்குற இடம்) இருக்கா, இல்லன்னா எஃப்டிஏகிட்ட ஆராய்ச்சி அனுமதி நம்பர் வாங்கியிருக்கா, இல்ல மருந்து அமெரிக்காவுல செஞ்சு வெளிய அனுப்புனதா? இதுக்கெல்லாம் ஆமான்னா சட்டம் உங்களுக்குப் பொருந்தும். கடைசி கேள்வியில மட்டும் மூணுல ஒண்ணு போதும்.

இதுல வரலன்னு உடனே நிம்மதி ஆகிடாதீங்க. என்ஐஹெச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) பணம் வாங்கியிருந்தா அவங்க பாலிசி தனியா இருக்கு, அதுவும் 2017 ஜனவரி 18ல இருந்து தான், அதுல முதல் கட்ட ட்ரையலும் வரும், யோகா, கவுன்சிலிங் மாதிரி மருந்தே இல்லாத ட்ரையலும் வரும். ரெண்டுலயும் வராத ட்ரையலா இருந்தாலும் ரிசல்ட் போடுங்கன்னு தான் நான் சொல்லுவேன். ட்ரையல்ல சேந்து ரத்தம் குடுத்தவங்களுக்கு எந்த விதியில நம்ம ட்ரையல் வருதுங்குறதால எந்த வித்தியாசமும் இல்ல.

சென்னையிலயோ வேலூர்லயோ ஒரு சைட் இருக்குற பன்னாட்டு ட்ரையல்னா, ஸ்பான்சர் (ட்ரையலுக்குப் பொறுப்பேத்து நடத்துற அமைப்பு) அமெரிக்க ஆஸ்பத்திரியா இருந்து எஃப்டிஏ அனுமதி நம்பரும் இருந்துச்சுன்னா, அந்த சைட்ல சேந்தவங்க கணக்கும் இதே ரெக்கார்ட்ல தான் வரணும். இந்தியாவோட ட்ரையல் ரெஜிஸ்ட்ரியான சிடிஆர்ஐல பண்ற ரெஜிஸ்ட்ரேஷன் தனி, அது 2007 ஜூலைல ஆரம்பிச்சு 2009 ஜூன் 15ல இருந்து கட்டாயம், 2018 ஏப்ரல் 1ல இருந்து முதல் ஆளைச் சேக்குறதுக்கு முன்னாடியே பதியணும். ஒண்ணுல பதிஞ்சாச்சுன்னு இன்னொண்ணை விடக்கூடாது.

படி 2: பொறுப்பாளர் யாருன்னு எழுத்துல வைங்க

சட்டத்துல பொறுப்பாளர்னு ஒருத்தர் இருந்தே ஆகணும், ஸ்பான்சரா இருக்கலாம், இல்ல ஸ்பான்சர் எழுத்துப்பூர்வமா பிஐக்கு மாத்திக் குடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலும் பிஐ பேர் தான் இருக்கும். பேர் அவரோடது, ஆனா அவருக்கு பிஆர்எஸ் (அந்த வெப்சைட்ல டேட்டா ஏத்துற சிஸ்டம்) பாஸ்வேர்ட் கூட ஞாபகம் இருக்காது, ரெஜிஸ்டர் பண்ணது மூணு வருஷம் முன்னாடி இருந்த கோஆர்டினேட்டர், அவங்க இப்ப வேற ஊர்ல வேற வேலை. நினைவூட்டல் மெயில் எல்லாம் அந்தப் பழைய அட்ரஸுக்குப் போய்க்கிட்டே இருக்கும், கிணத்துல போட்ட கல்லு மாதிரி.

அதனால ட்ரையல் ஆரம்பிக்கும் போதே மூணு பேரை எழுதி வைங்க. கையெழுத்துப் போடுற பொறுப்பாளர் ஒருத்தர், டேட்டாவை உள்ள ஏத்துறவர் ஒருத்தர், டேபிள் போட்டுக் குடுக்குற ஸ்டாட்டிஸ்டீஷியன் ஒருத்தர். மெயில் அட்ரஸ் தனி ஆளோடதா இல்லாம டிபார்ட்மெண்ட்டோட பொது அட்ரஸா இருந்தா இன்னும் நல்லது. யாராச்சும் வேலைய விட்டுப் போனா, ஐடி கார்டு திருப்பிக் குடுக்குற லிஸ்ட்ல இந்த ரெக்கார்டையும் சேத்துடுங்க, போறதுக்கு முன்னாடி ஒப்படைச்சுட்டுத்தான் போகணும். பிஐ வேற பல்கலைக்கழகத்துக்கு மாறுறாருன்னா ரெக்கார்ட் அவரோட போகுதா இல்ல இங்கயே இருக்கான்னு ரெண்டு ஆஸ்பத்திரியும் பேசி முடிக்கணும், பேசாம விட்ட ட்ரையல்கள் தான் பல வருஷம் யாரும் தொடாம கிடக்கும்.

படி 3: ரெஜிஸ்டர் பண்ணும் போதே ரிசல்ட்டை மனசுல வச்சு எழுதுங்க

ரிசல்ட் போடுற வேலையில பாதி இங்க தான் முடியுது, ஆனா யாரும் இந்த நேரத்துல அதை யோசிக்கிறதில்ல. சட்டப்படி முதல் ஆள் சேந்த 21 நாளுக்குள்ள பதிஞ்சா போதும், ஆனா பெரிய மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களோட குழு முதல் ஆள் சேர்றதுக்கு முன்னாடியே பதிஞ்சிருக்கணும்னு சொல்லுது, லேட்டா பதிஞ்சா பேப்பர் திரும்பி வந்துடும். அதனால முன்னாடியே பண்ணிடுங்க.

முதன்மை அளவீடு, அதாவது ட்ரையல் முக்கியமா எதை அளக்குதுங்குறதை, எழுதும் போது கவனம். "மருந்து எவ்வளவு பலன் தருது"ன்னு எழுதுனா அது அளவீடே இல்ல, ரிவியூல திருப்பி அனுப்பிடுவாங்க. "0ல இருந்து 10 வரைக்கும் உள்ள வலி அளவுகோல்ல, தொடக்கத்துல இருந்து 12வது வாரத்துக்கு மதிப்பெண் எவ்வளவு மாறியிருக்கு"ன்னு எழுதணும். அளவுகோலோட பேர், குறைஞ்ச மதிப்பு, அதிக மதிப்பு, ஏறுனா நல்லதா கெட்டதா, எந்த நாள்ல அளக்குறோம், இது அஞ்சும் இருக்கணும். ஒரு அளவீட்டுல ரெண்டு விஷயத்தைக் கலக்காதீங்க, ரத்த அழுத்தமும் எடையும்னா ரெண்டு தனி வரி.

ரெண்டாம் நிலை அளவீடுகளை ஆசைப்பட்டு 25, 30னு அடுக்காதீங்க. போட்ட ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி டேபிள் குடுத்தே ஆகணும். நடுவுல மாத்துனா பழைய வெர்ஷன் எல்லாம் ரெக்கார்டோட வரலாறுல அப்படியே இருக்கும், யார் வேணும்னாலும் திறந்து எப்ப எதை மாத்துனீங்கன்னு பாக்கலாம். மாத்தக்கூடாதுன்னு இல்ல, காரணத்தை ப்ரோட்டோகால்ல (ட்ரையலோட திட்ட ஆவணம்) எழுதி தேதி போட்டு மாத்துங்க.

படி 4: கெடு எந்தத் தேதியில இருந்து ஓடுதுன்னு புரிஞ்சுக்குங்க

கெடு முதன்மை நிறைவு தேதியில இருந்து ஒரு வருஷம். டேட்டாபேஸ் லாக் ஆன (இனி டேட்டாவை மாத்த முடியாதுன்னு பூட்டுன) தேதியோ, அனாலிசிஸ் முடிஞ்ச தேதியோ, பேப்பர் அனுப்புன தேதியோ இதுக்கு சம்பந்தமே இல்ல. முதன்மை அளவீட்டுக்காக கடைசி ஆளை கடைசியா பரிசோதிச்ச நாள் தான் அந்தத் தேதி. உங்க முதன்மை அளவீடு ஆறாவது மாச விசிட்ல எடுக்குறது, கடைசி ஆளோட ஆறாவது மாச விசிட் 2024 மார்ச் 10ல நடந்துச்சுன்னா, ரிசல்ட் 2025 மார்ச் 10க்குள்ள சிஸ்டத்துல சமர்ப்பிச்சிருக்கணும். அந்த ட்ரையல்ல இன்னும் மூணு வருஷம் ஃபாலோஅப் பாக்கி இருந்தாலும் சரி, முதன்மை ரிசல்ட்டுக்கு கெடு அதே தான். பாக்கி அளவீடுகளுக்கு அந்தந்த டேட்டா எடுத்து முடிச்ச நாள்ல இருந்து தனித்தனியா ஒரு வருஷம்.

ஆரம்பத்துல இது உத்தேச தேதியா இருக்கும், நடந்து முடிஞ்ச 30 நாளுக்குள்ள உண்மையான தேதியா மாத்தணும். ஆள் சேக்குறது நின்னுடுச்சு, திரும்ப ஆரம்பிச்சுது மாதிரி நிலை மாறுனாலும் அதே 30 நாள். எதுவுமே மாறலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ரெக்கார்டைத் திறந்து சரி பாத்து விடணும்.

பாதியில நின்னு போன ட்ரையல் தான் அதிகமா மறந்து போறது. ஆள் கிடைக்கல, பணம் தீந்துடுச்சு, மருந்து வரல, நிறுத்திட்டோம், அதனால ரிசல்ட் எதுவும் இல்லன்னு நினைக்கிறாங்க. ஒருத்தராச்சும் சேந்திருந்தா ரிசல்ட் போடணும், எட்டே பேரா இருந்தாலும் போடணும். யாருமே சேரலன்னா மட்டும் கைவிடப்பட்டதுன்னு நிலையை மாத்திட்டா போதும். எட்டு பேர்ல ஒரு அளவீட்டை யாருக்குமே எடுக்க முடியலன்னா, அனலைஸ் பண்ணது 0 பேர்னு போட்டு ஏன்னு ஒரு வரி எழுதலாம். அந்த எட்டு பேருக்கு வந்த பக்க விளைவுகள் இன்னொரு ஊர்ல அதே மருந்தைத் தொடங்கப் போற டீமுக்கு ரொம்ப முக்கியமான தகவல்.

படி 5: பேப்பருக்காக காத்திருக்காதீங்க

ஆஸ்பத்திரிகள்ல நான் அதிகமா கேக்குற காரணம் இது: முதல்ல ரெஜிஸ்ட்ரில போட்டா ஜர்னல் எடுத்துக்காதுல்ல? எடுத்துக்கும். ரெஜிஸ்ட்ரில டேபிளா போடுறதை முன்கூட்டிய வெளியீடா எண்ண மாட்டோம்னு ஜர்னல் ஆசிரியர்கள் குழு தெளிவா சொல்லியிருக்கு. பேப்பர் ரிவியூல இருக்குன்னு சொல்லி கெடுவை நீட்டிக்கவும் முடியாது, அதை நியாயமான காரணமா ஏத்துக்கிறதில்ல.

கெடுவை நீட்டிக்க வழி இருக்கு, ஆனா குறைவு தான். இன்னும் அனுமதி வாங்காத மருந்துன்னா தாமதச் சான்று குடுத்து அதிகபட்சம் ரெண்டு வருஷம் தள்ளலாம். மத்தபடி நியாயமான காரணம் எழுதி அவகாசம் கேக்கலாம், எதுவா இருந்தாலும் கெடு முடியுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்.

பேப்பரை நம்புறதுல இன்னொரு பிரச்சனை, மருந்து வேலை செய்யலன்னு வந்த ட்ரையல்களுக்கு பேப்பர் எழுதவே யாருக்கும் மனசு வராது, எழுதுனாலும் மூணு ஜர்னல் திருப்பி அனுப்பும், ஃபெல்லோ வேலை மாறிப் போயிடுவாரு. ரெஜிஸ்ட்ரிக்கு ரிசல்ட் நல்லதா கெட்டதான்னு பாக்குற வேலையே இல்ல, நம்பர் சரியா இருந்தா வெளிய போடும்.

படி 6: அந்த 12 மாசத்தை எப்படி பிரிக்கிறது

ரிசல்ட் ஏத்துறதுக்கு சுமார் 40 மணி நேரம் ஆகும்னு அரசாங்கமே கணக்கு போட்டிருக்கு. முதல் தடவை பண்றவங்களுக்கு இன்னும் கூட ஆகலாம், அதுவும் ஒரே வாரத்துல உக்காந்து முடிக்கிற வேலை இல்ல, நாலு பேர்கிட்ட கேட்டு வாங்கணும். என் யோசனை: முதன்மை நிறைவு தேதி வந்த அன்னைக்கே ஸ்டாட்டிஸ்டீஷியனுக்கு டேபிள் வேணும்னு மெயில் போடுங்க, மூணாவது மாசத்துக்குள்ள டேட்டா சுத்தம் பண்ணி முடிங்க, ஆறாவது மாசம் டேபிள் கையில இருக்கணும், எட்டாவது மாசம் சிஸ்டத்துல ஏத்தத் தொடங்குங்க, பத்தாவது மாசம் சமர்ப்பிச்சுடுங்க. கடைசி ரெண்டு மாசத்தை காலியா விடுங்க, ஏன்னா யாராச்சும் லீவுல போவாங்க, ஒரு நம்பர் ஒத்து வராது, அதுக்கு அந்த டைம் வேணும். ஸ்டாட்டிஸ்டீஷியனோட நேரத்துக்கு கிராண்ட் பட்ஜெட்லயே பணம் ஒதுக்கிடுங்க. பணம் தீந்த பிறகு அவங்ககிட்ட போய் நின்னா வேற ப்ராஜெக்ட்ல இருப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

படி 7: சிஸ்டத்துல ஏத்துறது

நாலு பகுதி இருக்கு. ஒண்ணொண்ணுலயும் எங்க மாட்டும்னு சொல்றேன்.

பங்கேற்பாளர் ஓட்டம்: ஒவ்வொரு குரூப்லயும் எத்தனை பேர் ஆரம்பிச்சாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, முடிக்காதவங்க ஏன் முடிக்கல. ஆரம்பிச்சவங்க 60, முடிச்சவங்க 51ன்னா விலகுன காரணங்களைக் கூட்டுனா சரியா 9 வரணும். இங்க போட்ட நம்பர் தான் மத்த எல்லாப் பகுதிக்கும் அஸ்திவாரம், இது தப்பா இருந்தா அடுத்து வர்ற எல்லாமே இடிக்கும்.

தொடக்க நிலை விவரம்: வயசு, ஆண் பெண், இனம் சேகரிச்சிருந்தா அது, அப்புறம் முதன்மை அளவீட்டைக் கணக்கு போட உபயோகிச்ச தொடக்க மதிப்பு ஏதாவது இருந்தா அதுவும். இது சீக்கிரம் முடிஞ்சுடும்.

அளவீடுகள்: இங்க தான் நேரம் போகும். சராசரின்னு சொன்னா கூடவே திட்ட விலக்கம் மாதிரி ஒரு சிதறல் அளவு குடுக்கணும், இடைநிலை மதிப்புன்னா அதோட வீச்சு குடுக்கணும். அலகு சரியா இருக்கணும், சதவீதம்னு போட்டுட்டு கீழ ஆளுங்களோட எண்ணிக்கையை போடுறது அடிக்கடி நடக்குற தப்பு. ஒவ்வொரு அளவீட்டுக்கும் எத்தனை பேரை அனலைஸ் பண்ணீங்கன்னு கேக்கும், அது ஓட்டத்துல போட்டதை விட கம்மியா இருந்தா ஏன்னு எழுதணும். டேபிளை மட்டும் பாத்து, ட்ரையல் பத்தி எதுவுமே தெரியாத ஒருத்தருக்குப் புரியுதான்னு பக்கத்து டிபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, நிறைய ஓட்டை அங்கயே தெரிஞ்சுடும்.

பக்க விளைவுகள்: மூணு டேபிள். எந்தக் காரணத்தால இறந்தாலும் இறந்தவங்க எண்ணிக்கை ஒண்ணு, தீவிரமான பாதிப்புகள் எல்லாம் ஒண்ணு விடாம ரெண்டாவது, மத்த பாதிப்புகள்ல ஏதாவது ஒரு குரூப்ல 5 சதவீதத்தைத் தாண்டினது மூணாவது. எத்தனை பேருக்கு வந்துச்சு, அது மொத்தம் எத்தனை பேர்ல, ரெண்டும் வேணும். நூத்துக்கணக்குல வரி இருந்தா கையால டைப் பண்ணாதீங்க, ஃபைலா அப்லோட் பண்ற வசதி இருக்கு. மருந்தால வந்துச்சா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணி எதையும் விட்டுடாதீங்க. லோர்கெய்னைட்ல 9 சாவையும் தற்செயல்னு தான் நெனச்சாங்க.

இதோட ப்ரோட்டோகாலும் புள்ளியியல் திட்டமும் பிடிஎஃப்பா போடணும். பங்கேற்பாளர் பேர், ஃபோன் நம்பர் ஏதாவது உள்ள இருந்தா அழிச்சுட்டுப் போடுங்க.

படி 8: ரிவியூ கமெண்ட் வந்தா ஆறப்போடாதீங்க

சமர்ப்பிச்சதும் தேசிய மருத்துவ நூலகத்துல ஒருத்தர் உக்காந்து படிப்பாங்க. கமெண்ட் வரும், முதல் தடவையே கமெண்ட் இல்லாம போறது அபூர்வம், அதை அவமானமா எடுத்துக்க வேணாம். ரிசல்ட் மேல வந்த கமெண்ட்டுக்கு 25 நாளுக்குள்ள திருத்தி அனுப்பணும், ரெஜிஸ்ட்ரேஷன் மேல வந்ததுக்கு 15 நாள். சமர்ப்பிச்சாச்சுன்னு பிஐ வேற வேலைக்குப் போயிடுறாரு, கமெண்ட் வந்து மாசக்கணக்குல கிடக்கும், இது நான் திரும்பத் திரும்ப பாக்குறது. 25 நாளையும் காலண்டர்ல போட்டு, ஸ்டாட்டிஸ்டீஷியனுக்கு அந்த வாரம் ரெண்டு மணி நேரம் முன்கூட்டியே கேட்டு வைங்க. புரியாத கமெண்ட் இருந்தா அவங்களுக்கே எழுதிக் கேளுங்க, ஃபோன்ல பேசி விளக்கக் கூட தயாரா இருக்காங்க.

படி 9: ஆஸ்பத்திரி நிர்வாகம் பண்ண வேண்டியது

தனி ஆளுங்க எவ்ளோ நல்லா பண்ணாலும் நிர்வாகம் கூட நிக்கலன்னா பாதி ட்ரையல் கெடு தாண்டிடும். 2018ல வெளியான ஒரு கணக்கெடுப்புல பிஆர்எஸ்ல இருக்குற 366 பல்கலைக்கழக அக்கவுண்டுகள்ல இருந்து பதில் வந்துச்சு, ரிசல்ட் போடுறதுக்கு எழுதி வச்ச பாலிசி இருந்தது 35 சதவீதத்துக்கிட்ட தான். இந்த வேலைக்குனு வச்சிருந்த ஆள் பலத்தோட இடைநிலை மதிப்பு 0.08, அதாவது ஒரு முழு நேர ஆளோட வேலை நேரத்துல பன்னிரண்டுல ஒரு பங்கு. இதுக்கு மேல காரணம் தேட வேண்டியதே இல்ல.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இதுக்குனு ஒரு மைய டீம் வச்சு, நினைவூட்டல், ட்ரெய்னிங், கூட உக்காந்து ஏத்தித் தர்றது வரைக்கும் படிப்படியா உதவி குடுத்து, சரியா இல்லாத ரெக்கார்டுகளைக் குறைச்சுக் காட்டினாங்க. அதை அப்படியே எடுத்துக்கலாம்: முழு நேர ஆள் ஒருத்தராச்சும், மாசா மாசம் டீனுக்குப் போற கெடு லிஸ்ட், நெறிமுறைக் குழு புது ட்ரையலுக்கு அனுமதி குடுக்கும் போது இந்த பிஐக்கு பழைய ரிசல்ட் பாக்கி இருக்கான்னு ஒரு கேள்வி. அந்தக் கடைசி கேள்வி மட்டும் சேத்தா கூட நிறைய மாறும், ஏன்னா பிஐ கவனம் புது ட்ரையல்ல தான் இருக்கும்.

நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள சரி பண்ணலன்னா நாளுக்கு 10,000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்னு 2007 சட்டத்துல இருக்கு (பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி தொகை கூடிக்கிட்டே வருது), ஆனா எஃப்டிஏ விதிமீறல் நோட்டீஸை முதல் முதலா அனுப்பினதே 2021 ஏப்ரல்ல தான், அதுவும் ஒரு கம்பெனிக்கு. பயமுறுத்துறதை விட வெளிச்சம் போடுறது நல்லா வேலை செஞ்சிருக்கு. ஐரோப்பாவுல 2018ல எண்ணினப்ப கம்பெனிகள் 68.1 சதவீதம் ரிசல்ட் போட்டிருந்தாங்க, பல்கலைக்கழகம் மாதிரி வணிகம் சாராத ஸ்பான்சர்கள் வெறும் 11 சதவீதம். அப்புறம் பிரிட்டன்ல நாடாளுமன்ற அறிவியல் குழு பல்கலைக்கழகங்களுக்கு நேரடியா கடிதம் எழுதி உங்க ட்ரையல் ரிசல்ட் எங்கன்னு கேட்டுச்சு, பேரோட வெளிய வந்துச்சு, பாக்கி இருந்த ரிசல்ட்டுகள் வேகமா வரத் தொடங்குச்சு. உங்க ஆஸ்பத்திரி வெப்சைட்லயே எத்தனை ட்ரையல் கெடுவுக்குள்ள, எத்தனை தாண்டிச்சுன்னு ஒரு பக்கம் போடச் சொல்லிக் கேளுங்க.

படி 10: கலந்துக்கிட்டவங்களுக்கு சொல்லுங்க

ரிசல்ட் வெளிய வந்த வாரமே ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்க. எத்தனை பேர் கலந்துக்கிட்டீங்க, என்ன தெரிஞ்சுது, மருந்து வேலை செஞ்சுதா இல்லையா, என்ன பக்க விளைவு, ரெக்கார்ட் நம்பர் என்சிடின்னு ஆரம்பிச்சு எட்டு இலக்கம். ஐரோப்பிய யூனியன்ல 2022 ஜனவரி 31ல அமலுக்கு வந்த விதிப்படி எளிய மொழிச் சுருக்கம் கட்டாயமே ஆகிடுச்சு. உங்க பங்கேற்பாளர்கள்ல ஸ்பானிஷ் பேசுறவங்க, தமிழ் பேசுறவங்க இருந்தா அந்த மொழியிலயும் எழுதுங்க, சம்மதப் படிவத்தை அவங்க மொழியில குடுக்க முடிஞ்சப்ப இதையும் முடியும்.

உங்க வீட்டுல யாராச்சும் ட்ரையல்ல சேந்திருந்தா நீங்களே பாக்கலாம். சம்மதப் படிவத்துல அந்த நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ட்ரையல் ஆஃபீஸ்ல கேட்டு வாங்கி, வெப்சைட்ல போட்டு ரிசல்ட் டேபை திறங்க. முதன்மை நிறைவு தேதி தாண்டி ஒரு வருஷத்துக்கு மேல ஆகி ஒண்ணும் இல்லன்னா, படிவத்துல இருக்குற ட்ரையல் ஆஃபீஸைத் தொடர்பு கொண்டு எப்ப வரும்னு கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல, உரிமை தான்.

படி 11: பழைய பாக்கி

பெரிய ஆஸ்பத்திரியில 40, 50 ட்ரையல் கெடு தாண்டி கிடக்கும். பழசுக்கெல்லாம் சட்டம் பொருந்தாதுன்னு சொல்றவங்களுக்கு 2020 பிப்ரவரில நியூயார்க் ஃபெடரல் கோர்ட் பதில் சொல்லிடுச்சு, 2007க்கும் 2017க்கும் நடுவுல முடிஞ்சு, மருந்து பின்னாடி அனுமதி வாங்குன ட்ரையல்களும் ரிசல்ட் போட்டே ஆகணும்னு தீர்ப்பு. எங்க இருந்து ஆரம்பிக்குறதுன்னு தெரியலன்னா, சுலபமானதுல இருந்து ஆரம்பிச்சு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுற வழக்கம் நிறைய இடத்துல இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பேப்பரும் வரல, ரெஜிஸ்ட்ரிலயும் இல்லங்குற ட்ரையல்களை முதல்ல தனியா எடுங்க, அதுல யாராச்சும் இறந்திருந்தா, தீவிர பாதிப்பு வந்திருந்தா அது மேல வரணும், அந்த மருந்து இன்னைக்கும் எழுதிக் குடுக்குற மருந்துன்னா அதுக்கும் மேல. பேப்பர் ஏற்கனவே வந்துட்ட ட்ரையல்களை அப்புறம் எடுத்துக்கலாம், அந்த நம்பர் எங்கயோ ஒரு இடத்துல கிடைக்குது. பழைய டேட்டா சர்வர்ல இல்ல, பிஐ ரிட்டையர் ஆகிட்டாருன்னா நூலகத்துக்கு நிலைமையை எழுதிக் கேளுங்க, கையில இருக்குற அளவுக்கு, கடைசி பட்சம் எத்தனை பேர் சேந்தாங்க, எத்தனை பேருக்கு தீவிர பாதிப்பு வந்துச்சுங்குறதையாச்சும் போடுங்க.